சட்டப் படிப்பு முடிந்ததா? பதிவிலிருந்து முதல் வழக்கு வரை ஒரு வழிகாட்டி

நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வக்கீல். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கறுப்புக் கோட்டு போட்டவர் யாரும் இல்லை. பார் கவுன்சிலில் எந்தத் தாளை எங்கே கொடுப்பது, சீனியரிடம் எப்படிப் போய்ச் சேருவது, நகல் மனு என்றால் என்ன என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு, அலைந்துதான் தெரிந்துகொண்டேன். சட்டக் கல்லூரியில் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு பற்றி ஒரு பருவம் முழுக்கச் சொல்லித் தந்தார்கள். வக்காலத்தை எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. முதல் தலைமுறையாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் அதே அலைச்சலைப் படக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். இது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்யப் போகிறவர்களுக்கானது.

1. கல்லூரியில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

முதலில் தகுதி. மூன்றாண்டு எல்எல்.பி. சேருகிறவர்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்களுக்கு இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் இடம் தரவில்லை. பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள ஏதாவது ஒரு கல்லூரி முன்வரலாம். மூன்று வருடம் கழித்துப் பதிவின்போதுதான் கதவு அடைபடும். அதேபோல, வகுப்புக்கே போகாமல் வெளிமாநிலத்தில் பட்டம் வாங்கித் தருகிறேன் என்பவர்களை நம்பாதீர்கள். அஞ்சல் வழியில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது.

அடுத்து இன்டர்ன்ஷிப். அதே விதிகள் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் கட்டாயம் என்கின்றன. தெரிந்த வக்கீலிடம் சான்றிதழில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வது நம் கல்லூரிகளில் சர்வ சாதாரணம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஐந்து வருடப் படிப்பில் கோர்ட்டைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பே இந்த 20 வாரம்தான். நான்கு வாரமாவது ஒரு முன்சீப் கோர்ட்டில் போய் உட்காருங்கள். சாட்சிக் கூண்டில் நிற்கும் ஒரு விவசாயியைக் குறுக்கு விசாரணை செய்வதை ஒரு முறை முழுதாகக் கேட்டால், சாட்சியச் சட்டப் புத்தகம் அதற்குப் பிறகு வேறு மாதிரி புரியும்.

2. தாள்களைச் சேர்ப்பது

பட்டம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடைசி செமஸ்டர் எழுதிய மறுநாளே ஒரு கோப்பு போட்டுச் சேர்க்கத் தொடங்குங்கள். பொதுவாகத் தேவைப்படுபவை இவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், முதல் பட்டமும் அதன் மதிப்பெண் பட்டியல்களும், சட்டப் படிப்பின் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகச் சான்றிதழ் அல்லது பட்டம், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள், உறுதிமொழிப் பத்திரம். பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் சமயத்தில் பார் கவுன்சில் வெளியிட்டிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பத்தாம் வகுப்பில் இனிஷியல் முன்னால் இருக்கும், பட்டத்தில் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கிடக்கும். ‘க’வுக்கு ஒரு சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்து, இன்னொன்றில் வேறு எழுத்து. விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு இதைத் திருத்தக் கிளம்பினால் மாதக்கணக்கில் இழுக்கும். எல்லாச் சான்றிதழையும் தரையில் பரப்பி வைத்து, பெயர், இனிஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி நான்கையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், கல்லூரியில் இருக்கும்போதே திருத்த மனு கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் இடைவெளி. படிப்பு முடிந்து சில வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டிவரும். வேலையில் இருப்பவர்கள் ராஜினாமா செய்து, விடுவிப்பு ஆணையைக் கையில் வாங்கிய பிறகே வர வேண்டும். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 49. ‘கம்பெனிக்குத் தெரியாமல் பதிவு மட்டும் செய்து வைத்துக்கொள்கிறேன்’ என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பின்னால் ஒரு புகார் வந்தால் பதிவே போகும்.

கிரிமினல் வழக்கு எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று போலீஸ் விசாரணையும் உண்டு. கல்லூரிப் போராட்டத்தில் போட்ட வழக்காக இருந்தாலும் மறைக்காதீர்கள். வழக்கு இருப்பதை விட, அதை மறைத்ததுதான் பெரிய பிரச்சினையாகும். என்ன வழக்கு, என்ன நிலை என்பதை ஆவணத்தோடு எடுத்துக்கொண்டு முதலில் ஒரு மூத்த வக்கீலைப் பாருங்கள்.

3. எவ்வளவு பணம்?

வக்கீல்கள் சட்டம் 1961, பிரிவு 24ன்படி பதிவுக் கட்டணம் பொதுவாக 750 ரூபாய். இதில் மாநில பார் கவுன்சிலுக்கு 600, இந்திய பார் கவுன்சிலுக்கு 150. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். இது தவிர முத்திரைத் தீர்வை தனி.

பல மாநிலங்களில் நூலகம், சரிபார்ப்பு, அடையாள அட்டை என்று தலைப்புப் போட்டு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் பதிவுக்காக வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ‘விருப்பக் கட்டணம்’ என்ற பெயரிலும் வாங்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் மீண்டும் சொன்னது. வீட்டில் நகை அடகு வைத்துப் பதிவு செய்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பாரம் உங்களுக்கு இல்லை என்பதில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் இடைத்தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘சீக்கிரம் முடித்துத் தருகிறேன்’ என்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். எந்தத் தொகை கட்டினாலும் ரசீது வாங்குங்கள்.

கோட்டு, பேண்ட், கவுன் செலவைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். சில ஆயிரம் ஆகும். கவுனுக்கு அவசரமில்லை, கட்டாயம் என்பது உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான். கோட்டு மட்டும் நல்ல, மெல்லிய துணியில் தைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் அதைத்தான் நாள் முழுக்கப் போட்டிருக்கப் போகிறீர்கள்.

4. பதிவுக்குப் பிறகு: அகில இந்திய பார் தேர்வு

பதிவு நாளில் உறுதிமொழி எடுத்ததும் உங்களுக்கு ஒரு எம்.எஸ். எண், அதாவது பதிவு எண் கிடைக்கும். ஆனால் இந்தப் பதிவு தற்காலிகம். இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வை எழுதித் தேற வேண்டும். இந்தத் தேர்வு செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது, ஆகவே தவிர்க்க வழியில்லை.

100 கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40 சதவீதம் எடுத்தால் போதும். கட்டணம் 3,500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 2,500 என்று இருந்து வந்தது. அந்தந்த அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான பாடப் பகிர்வில் அரசியலமைப்பு, சிவில் நடைமுறை, குற்ற நடைமுறை, தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம் என்ற ஐந்திலிருந்தே 46 கேள்விகள் வந்துவிடும். இந்த ஐந்தையும் வெறும் சட்டப் புத்தகத்தை வைத்து இரண்டு முறை வாசித்தவர்கள் தோற்றுப் பார்த்ததில்லை. குறிப்பு இல்லாத சட்டப் புத்தகங்களை அறைக்குள் அனுமதிக்கிறார்கள். பென்சிலில் எழுதியது, விளக்கவுரை அச்சிட்டது எல்லாம் வாசலிலேயே போய்விடும். அதனால் தேர்வுக்கென்று ஒரு சுத்தமான பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. சீனியரைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். வாசலில் உள்ள பெயர்ப்பலகையைப் பார்த்துப் போய்ச் சேராதீர்கள். அந்த ஆபீசில் என்ன மாதிரி வழக்குக் கட்டுகள் இருக்கின்றன என்று பாருங்கள். வெறும் ஜாமீன் மனுவாக இருந்தால் மூன்று வருடம் கழித்தும் உங்களுக்கு ஜாமீன் மனு மட்டும்தான் தெரியும். பாகப்பிரிவினை, வாடகை, காசோலை, விபத்து இழப்பீடு, ஒன்றிரண்டு செஷன்ஸ் வழக்கு என்று கலந்து வரும் நடுத்தர ஆபீஸ்தான் புதியவர்களுக்குப் பள்ளிக்கூடம். உயர் நீதிமன்றத்துக்கே போவது என்று முடிவு செய்திருந்தாலும், முதல் இரண்டு வருடம் விசாரணை நீதிமன்றத்தில் இருந்துவிட்டுப் போங்கள் என்பேன். சாட்சியம் எப்படிப் பதிவாகிறது என்று பார்க்காதவருக்கு அப்பீல் கட்டு வெறும் காகிதம்.

சேரும் முன்பு இரண்டு மூன்று நாள் அந்த சீனியர் ஆஜராகும் கோர்ட்டில் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். வழக்கைத் தானே நடத்துகிறாரா, வாய்தா மட்டும் வாங்குகிறாரா? ஜூனியரைத் திட்டும்போது எப்படித் திட்டுகிறார்? பெஞ்ச் கிளார்க்கிடம், எதிர்த்தரப்புச் சாட்சியிடம் எப்படிப் பேசுகிறார்? அங்கிருந்து விலகிப் போன ஜூனியர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். உள்ளே இருப்பவரை விட வெளியே போனவர்தான் உண்மையைச் சொல்வார். பெண்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அதுவும் அங்கே வேலை பார்த்த ஒரு பெண் வக்கீலிடமே கேட்க வேண்டும். மாலையில் எத்தனை மணி வரை ஆபீஸ், எங்கே உட்காரச் சொல்வார்கள், கழிப்பறை இருக்கிறதா என்றெல்லாம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சம்பளப் பேச்சை எடுக்கவே பலருக்கு நா எழாது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் இதே தொகைகளைப் பரிந்துரைத்தது. நடைமுறையில் பல ஆபீஸ்களில் பஸ் காசும் சாப்பாடும்தான் கிடைக்கிறது. இதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தாக்குப்பிடிக்கிற தொழிலாக இது ஆகிக்கொண்டிருப்பதற்கு முதல் காரணமே இதுதான். ‘அண்ணா, எனக்கு வீட்டிலிருந்து பணம் வராது. மாதம் இவ்வளவு இருந்தால்தான் என்னால் தொடர முடியும்’ என்று சேரும் முன்பே மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இளம் வக்கீல்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2020ல் அறிவித்தது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று பார் கவுன்சிலில் விசாரியுங்கள். எப்படியிருந்தாலும் ஒரு வருடச் செலவுக்கு ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டு வருவது நல்லது.

6. முதல் ஆறு மாதம்

காலை பத்தரைக்கு நீதிபதி பெஞ்சில் உட்காருவதற்குள் நீங்கள் அன்றைய பட்டியலைப் பார்த்து, கட்டுகளை எடுத்து வைத்திருக்க வேண்டும். டைரியில் ஒவ்வொரு வழக்குக்கும் எண், முந்தைய வாய்தா, இன்று எதற்காக, அடுத்த வாய்தா என நான்கையும் எழுதுங்கள். ஈ-கோர்ட்ஸ் செயலி இருக்கிறதே என்று டைரியை விட்டுவிடாதீர்கள். செயலியில் தேதி ஏறத் தாமதமாகும் நாள்கள் உண்டு.

சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கும்போது வழக்கைக் கூப்பிட்டால் எழுந்து நின்று ‘பாஸ் ஓவர்’ கேளுங்கள், அதாவது வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுக்கும்படி கேளுங்கள். எந்தக் கோர்ட்டில், எந்த வழக்கில் இருக்கிறார் என்று உண்மையைச் சொல்லுங்கள். ஒரு முறை பொய் சொல்லி நீதிபதி கண்டுபிடித்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் நிஜத்தைச் சொன்னாலும் எடுபடாது.

ஆபீஸ் குமாஸ்தாவிடம் பணிவாக இருங்கள். மனு ஏன் நம்பர் ஆகவில்லை, பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டியாகிவிட்டதா, ரிட்டர்ன் ஆன தாளை எந்தத் தேதிக்குள் மறுபடி தாக்கல் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். முதல் மாதம் அவரோடு ஃபைலிங் கவுன்டருக்கும் நகல் பிரிவுக்கும் கூடவே போங்கள்.

நகல் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சான்றிட்ட நகலின் முத்திரையில் வரிசையாகச் சில தேதிகள் இருக்கும்: மனு போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள். அப்பீல் கெடு முழுக்க இந்தத் தேதிகளில்தான் நிற்கிறது. உதாரணமாக, முன்சீப் கோர்ட்டில் ஜூன் 3 தீர்ப்பு. அப்பீலுக்கு 30 நாள். ஜூன் 10 நகல் மனு போடுகிறீர்கள், கேட்ட அன்றே கட்டணம் கட்டிவிடுகிறீர்கள், ஜூலை 8 நகல் தயார். ஆனால் நீங்கள் போய் வாங்கியது ஜூலை 15. கழித்துக் கொடுக்கப்படுவது ஜூன் 10 முதல் ஜூலை 8 வரைதான். ஜூன் 4 முதல் 9 வரை ஆறு நாள் ஏற்கனவே போய்விட்டது. மீதி 24 நாளை ஜூலை 9லிருந்து எண்ணினால் கடைசி நாள் ஆகஸ்ட் 1. நகல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறவர் ஆகஸ்ட் 8 என்று நினைத்துக்கொண்டிருப்பார், ஒரு வாரம் தவறிப்போகும். கட்டணம் கேட்டும் கட்டாமல் விட்ட நாள்களும் உங்கள் தலையில்தான் விழும். தீர்ப்பு வந்த அன்றோ மறுநாளோ நகல் மனு போட்டுவிடுங்கள், அறிவிப்புப் பலகையைத் தினமும் பாருங்கள்.

7. மறக்கக் கூடாத கெடுக்கள்

காசோலை வழக்கில், காசோலை திரும்பியதாக வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து பணம் தர 15 நாள், அது முடிந்ததும் ஒரு மாதத்துக்குள் புகார். சிவில் வழக்கில் எதிர்வாதவுரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள். எக்ஸ்பார்ட்டி (எதிர்த்தரப்பு வராதபோது தந்த) தீர்ப்பாணையை ரத்து செய்ய 30 நாள். ரிமாண்டில் இருப்பவருக்கு 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் உரிமை. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கெடு முடிந்த மறுநாள் காலையே மனு தயாராக இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் அந்த உரிமை போய்விடும்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகள்தான். ஆக, நீங்கள் இரண்டையுமே படிக்க வேண்டும். குற்ற நடைமுறைச் சட்டத்தில் ஜாமீனுக்குப் பழைய 439 இப்போது 483, முன்ஜாமீனுக்குப் பழைய 438 இப்போது 482. இதில் ஒரு வில்லங்கம்: பழைய 482 என்பது உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் பிரிவு, அது இப்போது 528. மனுவில் பிரிவை எழுதும்போது எந்தச் சட்டம் என்பதையும் சேர்த்து எழுதினால் குழப்பம் வராது.

8. கட்சிக்காரரும் பணமும்

முதல் கட்சிக்காரர் பெரும்பாலும் சொந்த ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருப்பார். என்ன செலவு ஆகும், உங்கள் கட்டணம் எவ்வளவு என்று இரண்டையும் பிரித்து, தாளில் எழுதிக் கொடுங்கள். கோர்ட்டுக் கட்டணத்துக்கு வாங்கிய பணத்தில் கை வைக்கவே கூடாது. ‘ஜெயித்தால் இத்தனை சதவீதம்’ என்று பேசுவது விதிகளுக்கு விரோதம். ‘ஜெயித்துத் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுப்பதும் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் ‘விவாகரத்துக்கு அணுகவும்’ என்று ரீல்ஸ் போடுவது விதி 36ன்படி தடை செய்யப்பட்ட விளம்பரம். சட்டத்தை விளக்கிப் பேசுவது வேறு, ஆள் பிடிப்பது வேறு.

9. முதல் வருடத்திலேயே முடித்து வைக்க வேண்டியவை

உள்ளூர் வக்கீல் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். நீதிபதி தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், 2025 மே மாதத் தீர்ப்பின்படி சிவில் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். அது தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கு. பத்தாண்டு அனுபவமுள்ள வக்கீல் சான்று தர வேண்டும், நீதிமன்றத்தின் மேலொப்பமும் வேண்டும். அதனால் சீனியரிடம் கேட்டு வக்காலத்தில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஜரான வழக்கு எண்களைத் தனி நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

கடைசியாக, வக்கீல்கள் சேமநல நிதி. வயசு இருக்கிறதே என்று இளையவர்கள் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குத் தரும் தொகையை 7 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்துவதாக 2022ல் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் பதிவு செய்தவுடன் தானாக உறுப்பினராகிவிட மாட்டீர்கள், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் வாரிசுதாரர் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்ற வேண்டியிருந்தால் அதற்கும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.